காது சொல்லட்டும், பெயர் பிறகு பேசட்டும்

"அக்கா, 1,500 வெள்ளிக்குள்ள எந்த பிராண்டு ஹெட்போன் வாங்கலாம்?"

கேரித் தீவிலிருந்து என் சித்தி மகன் போன மாதம் கேட்ட கேள்வி இது. செம்பனைத் தோட்டத்து வீட்டில் வளர்ந்தவன். கோலாலம்பூரில் வேலை கிடைத்து முதல் சம்பளம் வாங்கியிருக்கிறான். நான் வானொலி அறிவிப்பாளர் என்பதால் இந்தக் கேள்வி என்னைத் தேடி அடிக்கடி வரும். கேட்பவர்களில் பலர் ஒரு பெயரை மனத்தில் முடிவு செய்துவிட்டுத்தான் கேட்பார்கள். நாம் தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி.

தலையில் மாட்டும் ஒரு கருவிக்கு இவ்வளவு மவுசு ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1979-இல் சோனியின் வாக்மேன் வந்தபோதே நடந்துகொண்டு பாட்டுக் கேட்பது நாகரிகமாகிவிட்டது. 2001-இல் வந்த ஐபாட், வெள்ளை வயரையே ஓர் அடையாளமாக்கியது. ராப் கலைஞர் டாக்டர் டிரேயும் இசைத் தயாரிப்பாளர் ஜிம்மி அயோவினும் 2006-இல் தொடங்கிய பீட்ஸ், பாடகர்கள், விளையாட்டு வீரர்களின் தலையில் ஏறி ஊரெல்லாம் தெரிந்தது. 2014-இல் ஆப்பிள் அந்த நிறுவனத்தை 300 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அந்த விலையில் பெயருக்கும் பெரிய பங்கு உண்டு.

இப்போது ஒலிபரப்புக் கூடத்துக்குள் வாருங்கள். அங்கே நம்மை யாரும் பார்க்கப்போவதில்லை. பல நாடுகளின் வானொலிக் கூடங்களில் காணப்படும் சோனி எம்டிஆர்-7506, 1991-இல் வந்த மாடல். கறுப்பு நிறம், சுருள் வயர், புளூடூத் கிடையாது. ஆனாலும் இன்றுவரை விற்பனையில் இருக்கிறது. அமெரிக்காவில் ஏறக்குறைய 100 டாலர்தான். பேசுபவரின் மூச்சு மைக்கில் இடித்தாலும், 'ச' ஒலி சீறினாலும் அது மறைக்காமல் காட்டிக்கொடுக்கும். அந்த நேர்மைக்காகத்தான் வாங்குகிறார்கள்.

அப்படியானால் விலை கூடினால் ஒலியும் உயருமா? 2017-இல் அமெரிக்க ஒலியியல் கழகத்தின் ஆய்விதழில் ஓர் ஆய்வு வெளியானது. ஆய்வாளர் ஜெரோன் பிரீபார்ட் 283 ஹெட்போன்களை அளந்து பார்த்தார். தாழ்ந்த ஒலி முதல் உச்ச ஒலி வரை ஒவ்வொன்றையும் அவை எந்த அளவில் தருகின்றன என்பதற்கும், கடை விலைக்கும் தொடர்பு தெரியவில்லை என்பதே அவர் கண்ட முடிவு. கூடுதல் பணத்துக்கு வேறு நன்மைகள் கிடைக்கலாம்: மெத்தென்ற காதுப் பஞ்சு, உறுதியான கட்டமைப்பு, இரைச்சலைக் குறைக்கும் வசதி. அவை உங்களுக்குத் தேவையா என்பதுதான் கேள்வி.

என் தம்பியின் கதையையே எடுத்துக்கொள்வோம். கேரித் தீவில் இரவு எட்டு மணிக்கு மேல் பூச்சிச் சத்தம்தான் பெரிய சத்தம். அங்கே வீட்டில் கேட்க, இரைச்சல் குறைக்கும் வசதிக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் தினமும் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் ஏறுகிறான். வெளிச்சத்தத்தை மைக்கில் பிடித்து, அதற்கு எதிரான ஒலியலையை எழுப்பும் இந்த நுட்பம், ரயிலின் சீரான உறுமலை நன்றாக அடக்கும். பக்கத்து இருக்கைப் பேச்சை அவ்வளவாக அடக்காது. உறுமல் குறைந்தால் ஒலியைக் கூட்டவும் தோன்றாது. அவனுக்கு அந்தச் செலவு நியாயமானது. ஆனால் வீட்டிலிருந்து கிள்ளான் வரை மோட்டார் சைக்கிளில் வரும்போது அது பைக்குள்தான் இருக்க வேண்டும்.

கடைக்குப் போகும்போது நூறு முறை கேட்ட பாட்டு ஒன்றைக் கைப்பேசியில் எடுத்துச் செல்லுங்கள். நான் பரிந்துரைப்பது 1982-இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா'. கித்தார் தந்திகள் தனித்தனியாகக் கேட்கின்றனவா, எஸ்.பி.பி. குரல் முன்னால் நிற்கிறதா, பேஸ் குரலை மூடுகிறதா என்று கவனியுங்கள். அடுத்து ஒரு நாதஸ்வரம், தவில் பதிவு. தவிலின் இரண்டு பக்கமும் வேறு வேறாகக் கேட்க வேண்டும். சற்று உரக்க ஒலிப்பது எப்போதும் நன்றாக இருப்பதுபோல் தோன்றும். ஆகவே இரண்டு ஹெட்போன்களை ஒப்பிடும்போது ஒலி அளவைச் சமமாக வையுங்கள். பத்து நிமிடமாவது மாட்டியிருங்கள். கண்ணாடி அணிபவர் கண்ணாடியோடு மாட்டிப் பாருங்கள்.

பெட்டியில் அச்சடித்த எண்களுக்கு மயங்க வேண்டாம். '40,000 ஹெர்ட்ஸ்' என்று போட்டிருக்கும். நல்ல காதுக்கே 20,000 வரைதான் கேட்கும். வயது ஏற ஏற அதுவும் குறையும். எல்டேக் வசதி என்பார்கள். ஐபோன் அதை ஆதரிப்பதில்லை. ஐபோன் வைத்திருப்பவர் அதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் பயன் இல்லை. பசார் மாலாமில் 50 வெள்ளிக்குக் கிடைக்கும் 'பிரபல' பெயரைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

அழகுக்குச் செலவு செய்வதில் தவறில்லை. தீபாவளிச் சட்டையை நிறம் பார்த்துத்தானே எடுக்கிறோம்? காதுக்குப் பிடித்த இரண்டைத் தேர்ந்தெடுத்த பிறகு, நிறத்தையும் பெயரையும் பார்த்து அவற்றில் ஒன்றை எடுங்கள். வரிசை மாறாமல் இருந்தால் போதும்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது இன்னொன்று. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். பல கைப்பேசிகளில் ஒலிக்கு உச்ச வரம்பு வைக்கும் வசதி இருக்கிறது. பிள்ளையின் கைப்பேசியில் இன்றே அதைத் தேடிப் பாருங்கள். ஹெட்போன் பழுதானால் வேறு வாங்கிக்கொள்ளலாம். உள்காதில் ஒலியை உணரும் நுண்மயிர் உயிரணுக்கள் அழிந்தால், மனிதருக்கு அவை மீண்டும் வளர்வதில்லை.