சோற்றைக் குறைத்த கால்கள் ஓடுமா?



சுபஹுத் தொழுகை முடிந்த நேரத்தில் திருகோணமலை உட்துறைமுக வீதியிலும் டச்பே கடற்கரையிலும் இதமான காற்று வீசும். நடப்பதற்கு ஏற்ற நேரம். சீனி வியாதி என்று டொக்டர் சொன்னதும் நம்மில் பலர் இரண்டு காரியங்களை ஒரே நாளில் தொடங்கிவிடுகிறோம். சோற்றை அடியோடு நிறுத்துகிறோம், ஓடவும் புறப்படுகிறோம். நான்காம் நாள் கால் கல்லாய்க் கனக்கிறது, தலை சுற்றுகிறது. "இது நமக்குச் சரிவராது" என்று பழையபடி சோற்றுக்கே திரும்பிவிடுகிறோம். குற்றம் உடம்பில் இல்லை, அவசரத்தில்தான் இருக்கிறது.

சோறு, இடியப்பம், பிட்டு, ரொட்டி எல்லாமே மாச்சத்துதான். உடல் அதை ஈரலிலும் தசைகளிலும் சேமித்து வைக்கிறது. அந்தச் சேமிப்பு ஏறத்தாழ 500 கிராம், அதாவது 2,000 கலோரிதான். உடலில் 15 கிலோ கொழுப்பு இருந்தாலோ அதில் 1 இலட்சத்துக்கும் மேற்பட்ட கலோரி உண்டு. எரிபொருள் தாராளமாக இருக்கிறது. ஆனால், ஓடும்போது அதை எடுத்து எரிக்கத் தசைகள் பழக வேண்டும். அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும்.

இன்னொன்றும் நடக்கிறது. மாச்சத்து குறைந்தால் இன்சுலின் குறையும். சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் கூடுதலாக வெளியேற்றும். முதல் வாரம் இறங்கும் எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான். தலைவலிக்கும் களைப்புக்கும் இதுவும் ஒரு காரணம்.

தென்னாபிரிக்காவின் டொக்டர் டிம் நோக்ஸ், ஓட்டக்காரர்கள் மாச்சத்தை நிறைய உண்ண வேண்டும் என்று பல்லாண்டு எழுதியவர். சீனி வியாதி உள்ள அவரே 2010-இல் கருத்தை மாற்றி, மாச்சத்தைக் குறைத்தார். ஆனால் அவுஸ்திரேலியாவில் நடைப்போட்டி வீரர்களிடம் நடத்திய ஆய்வு 2017-இல் வெளிவந்தது. மாச்சத்தைக் குறைத்தவர்களின் உடல் கொழுப்பை அதிகம் எரித்தது. போட்டி வேகம் மட்டும் கூடவில்லை. நாம் பதக்கத்துக்கு ஓடவில்லை, சுகத்துக்காக ஓடுகிறோம். ஆகவே வேகம் குறைந்தால் மனம் தளர வேண்டாம்.

முதல் இரண்டு வாரம் சோற்றைப் பாதியாக்கி, நடை மட்டும் போதும். கோப்பையில் குறைந்த இடத்தைக் கொட்டியாரக்குடாவின் சூடை, கீரி மீன்களும், முட்டையும், முருங்கை இலைச் சுண்டலும் நிரப்பட்டும். மூன்றாம் வாரத்திலிருந்து ஒரு நிமிடம் மெல்ல ஓடி, இரண்டு நிமிடம் நடவுங்கள். பக்கத்தில் வருபவருடன் பேச முடிகிற வேகமே சரியான வேகம். தண்ணீர் குடியுங்கள். பிரஷர், சிறுநீரக நோய் இல்லாதவர்கள் உப்பிட்ட மீன் ஆணமும் குடிக்கலாம்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. இன்சுலின் ஊசி போடுபவர்களும், கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் போன்ற குளிசை எடுப்பவர்களும் டொக்டரைக் கேட்காமல் சோற்றைக் குறைக்கக் கூடாது. மருந்து அப்படியே இருக்க, உணவு குறைந்து ஓட்டமும் சேர்ந்தால் இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கும். நடுக்கம், வியர்வை, கண் இருட்டல் வந்தால் உடனே நின்று, மூன்று தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீரைக் குடியுங்கள். எம்பாகிளிஃப்ளோசின் வகைக் குளிசை, பிரஷர் குளிசை எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும் முதலில் டொக்டரைக் கேட்க வேண்டும்.

"பொம்பளைக்கு ஓட்டம் எதற்கு?" என்று யாரும் கேட்டால் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களை நினைவூட்டுங்கள். பயணமொன்றில் நபி (ஸல்) அவர்களுடன் ஓடி முந்தினார்கள். பின்னொரு நாள், உடல் பருத்திருந்த வேளையில், மீண்டும் ஓடினார்கள். அப்போது நபியவர்கள் முந்தினார்கள். அபூதாவூத் கிரந்தத்தில் இது பதிவாகியுள்ளது. உடல் கனத்த பிறகும் அன்னையவர்கள் ஓடினார்கள் என்பதே நமக்குப் பாடம்.

உடல் அல்லாஹ் தந்த அமானிதம். அதை நிதானமாகப் பேணுவோம், இன்ஷா அல்லாஹ்.