புதையலை மறைப்பவர் கடமை

நிலத்தில் மறைந்திருந்த புதையலைக் கண்ட ஒருவன், தன் உடைமையெல்லாம் விற்று அந்த நிலத்தை வாங்கினான் என்று இயேசு பெருமான் கூறிய உவமையை நாம் மறைக்கல்வி வகுப்பில் கேட்டிருக்கிறோம். புதையல் என்றதும் யாருக்குத்தான் ஆவல் பிறக்காது? ஆனால் பொன்னும் மணியும் இல்லாத ஒரு புதையலை இன்று உலகெங்கும் மக்கள் தேடி நடக்கிறார்கள் என்பதை நம்மில் சிலரே அறிவோம். அந்த விளையாட்டின் பெயர் ஜியோகேச்சிங். அதில் புதையலைத் தேடுவதைப் பற்றியல்ல, மறைப்பதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம்.

தோன்றிய கதை

வானில் சுற்றும் செயற்கைக்கோள்களின் உதவியால் நாம் நிற்கும் இடத்தை அறியும் முறைக்கு ஜி.பி.எஸ். என்று பெயர். பொதுமக்களுக்குக் கிடைத்த அளவீட்டில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. ஆகவே அது காட்டும் இடம் 100 மீட்டர் வரை தவறக்கூடும். 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தப் பிழையை நீக்கினார்கள். அடுத்த நாளே, மே 3ஆம் தேதி, டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் பீவர்க்ரீக் என்னும் ஊருக்கு அருகே ஒரு கறுப்பு வாளியைப் பாதி புதைத்து வைத்தார். அதன் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை மட்டும் வெளியிட்டார். சில நாட்களுக்குள் இருவர் அதைக் கண்டுபிடித்துவிட்டனர்!

வாளியில் புத்தகங்கள் இருந்தன, உண்டிவில் இருந்தது, அவரைக்காய் விதை அடைத்த டப்பா ஒன்றும் இருந்தது. இன்றைய விதிகளின்படி பார்த்தால் அந்த முதல் புதையலுக்கே அனுமதி கிடைக்காது. உணவுப் பொருள் வைக்கக்கூடாது. விலங்குகள் மோப்பம் பிடித்து வந்து பெட்டியைக் கடித்துவிடும். நிலத்தின் உரிமையாளர் வெளிப்படையாக இசைந்தாலன்றிக் குழி தோண்டவும் கூடாது. விளையாட்டு வளர வளர, அனுபவமே விதிகளைக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

பல கட்டப் புதையல்

சாதாரணப் புதையலுக்குக் கொடுத்த எண்களைப் பின்பற்றிச் சென்றால் பெட்டி கிடைத்துவிடும். பல கட்டப் புதையல் அப்படியல்ல. முதல் இடத்தில் கிடைக்கும் குறிப்பு இரண்டாம் இடத்தைக் காட்டும். அது மூன்றாம் இடத்தைக் காட்டும். கடைசி இடத்தில்தான் பெட்டியும், வந்தவர்கள் பெயரெழுதும் பதிவுப் புத்தகமும் இருக்கும். கிழக்கிலிருந்து வந்த ஞானிகளை நினைத்துப் பாருங்கள். விண்மீனைக் கண்டு முதலில் எருசலேமுக்கு வந்தார்கள். அங்கே மறைநூல் அறிஞர்கள் சொன்ன குறிப்பைக் கேட்ட பிறகே பெத்லகேமுக்குப் போனார்கள்.

இந்தக் கட்டங்கள் இரு வகைப்படும். ஒன்று, மறைப்பவர் தாமே ஒரு சிறு டப்பாவையோ தகட்டையோ வைத்து அதில் அடுத்த எண்களை எழுதுவது. மற்றொன்று, அங்கே முன்பே உள்ள கல்வெட்டு, சிலை, மணிக்கூண்டு முதலியவற்றிலிருந்து விடையைத் தேடச் செய்வது. இரண்டாம் வகையில் நாம் எதையும் வைப்பதில்லை. ஆகவே திருட்டுப் போகவும் வழியில்லை.

ஓர் எடுத்துக்காட்டு கூறுவோம். விக்டோரியா அரசியின் பொன்விழாவை ஒட்டி 1887ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பல ஊர்களில் நீரூற்றுகள் கட்டப்பட்டன. அத்தகைய நீரூற்று ஒன்றில் பொறித்த ஆண்டைப் படிக்கச் சொல்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு இலக்கங்களுக்கும் அ, ஆ, இ, ஈ என்று பெயரிடுவோம். அடுத்த இடத்தின் அட்சரேகை 51 டிகிரி 30 நிமிடம். புள்ளிக்குப் பின் வருவன ஆ, இ கழித்தல் 3, ஈ. கணக்கிட்டால் 30.857 நிமிடம் என்று வரும்.

மழையில் தேய்ந்த கல்லில் 8 என்பதை ஒருவர் 3 என்று படித்து, 1387 என்று எழுதிக்கொண்டால் என்னவாகும்? 30.357 என்று வரும். அட்சரேகையில் ஒரு நிமிடம் ஏறத்தாழ 1,852 மீட்டர் ஆதலால், அவர் 926 மீட்டர் தள்ளிப் போய் நிற்பார்! இதைத் தடுக்க நல்ல அமைப்பாளர்கள், ‘நான்கு இலக்கங்களின் கூட்டுத்தொகை 24’ என்று ஒரு சரிபார்ப்பு எண்ணையும் தருகிறார்கள். 1387இன் கூட்டுத்தொகை 19. உடனே தவறு தெரிந்துவிடும். ஆனால் 1878 என்று இடம் மாற்றி எழுதினாலும் 24தான் வரும் என்பதை மறக்கலாகாது.

நாங்கள் செய்த தவறு

சென்ற குழந்தைகள் தினத்தன்று ஐந்தாம் வகுப்புத் தங்கைகளுக்காக நாங்கள் இதுபோன்ற விளையாட்டு ஒன்றை நடத்தினோம். மாதா கெபியின் படிகளை எண்ணி, அத்தனையாவது வேப்பமரத்தடியில் தேட வேண்டும். நாங்கள் மேலே உள்ள மேடையையும் சேர்த்து ஏழு என்று எண்ணியிருந்தோம். குழந்தைகள் ஆறு என்று எண்ணினார்கள். ஆறாவது மரத்தடியில் மண்ணைக் கிளறிக் கிளறி, மணியடிக்கும்வரை தேடினார்கள். ஒரு சிறுமி, “அக்கா, எங்களை ஏமாற்றிவிட்டீர்களா?” என்று கேட்டபோது எங்களுக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. நாங்கள் ஏமாற்ற நினைக்கவில்லை. ஆனால் அந்தக் குழந்தைக்கு அதனால் என்ன ஆறுதல்? எங்கள் சிஸ்டர் கோபிக்கவில்லை. “நீங்கள் எண்ணியதை வேறு யாரையாவது எண்ணச் சொன்னீர்களா?” என்று மட்டும் கேட்டார்கள்.

அன்றுதான் விதிகளின் அருமை எங்களுக்குப் புரிந்தது. கேள்விக்கு ஒரே ஒரு விடைதான் இருக்க வேண்டும். வெட்டப்படக்கூடிய மரத்தையும், பெயர்த்து வைக்கக்கூடிய பலகையையும் நம்பிக் கேள்வி அமைக்கக்கூடாது. எண்களை வெவ்வேறு நாட்களில் பலமுறை அளந்து சராசரி பார்க்க வேண்டும். அடர்ந்த மரங்களுக்கும் உயர்ந்த கட்டடங்களுக்கும் இடையே கருவி தடுமாறும். எல்லாவற்றிற்கும் மேலாக, ஒன்றும் அறியாத ஒருவரை முதலில் நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும்.

முக்கிய விதிகள்

இந்த விளையாட்டின் பெரிய நிறுவனம் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உள்ளது. அங்கே பதிவாகும் ஒவ்வொரு புதையலையும் தொண்டர் ஒருவர் பார்வையிட்ட பிறகே வெளியிடுகிறார்கள். பல கட்டப் புதையலாயின், எல்லாக் கட்டங்களின் எண்களையும் அவரிடம் மறைக்காமல் தந்துவிட வேண்டும்.

நாம் வைக்கும் எந்தப் பொருளும் பிறருடைய புதையலின் பெட்டிக்கும் கட்டத்துக்கும் 161 மீட்டருக்குள், அதாவது 528 அடிக்குள், இருக்கலாகாது. இல்லாவிடில் ஒன்றைத் தேடி வந்தவர் மற்றொன்றைத் திறந்து குழம்புவார். ஒரே புதையலின் கட்டங்களுக்குள் இந்தத் தூரக் கணக்கு இல்லை. கல்வெட்டைப் படிக்கும் கட்டத்துக்கும் இல்லை.

நில உரிமையாளரின் அனுமதி வேண்டும். மரத்தில் ஆணி அடிக்கக்கூடாது. பள்ளிக்கூட வளாகத்தில் வைக்கலாகாது. அந்நியர் அங்கே சுற்றித் திரிந்தால் பெற்றோர் அஞ்சுவார்கள் அல்லவா? 2011ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வெதர்பி நகரில், சிற்றுண்டிச் சாலை ஒன்றின் அருகே இருந்த சிறு பெட்டியைக் குண்டு என்று எண்ணி, தெருவை அடைத்து, இராணுவத்தினர் அதை வெடிக்கச் செய்தார்கள். அது ஒரு விளையாட்டுப் பெட்டி! ஆகவே பெட்டியின் மேலே அது இன்னதென்று எழுத வேண்டும்.

வைத்தவுடன் கடமை முடிவதில்லை. மழைநீர் புகுந்ததா, டப்பா காணாமற்போனதா என்று அவ்வப்போது சென்று பார்க்க வேண்டும். நான்கு கட்டங்களில் ஒன்று கெட்டாலும் நான்கும் வீணாகும். வந்தவர் வெறுங்கையுடன் திரும்புவார்.

முடிவுரை

தேடுபவர் முகம் தெரியாதவர். நாம் எழுதிய எண்ணை நம்பி, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் வெயிலில் நடக்கிறார். அவருடைய அறிவைச் சோதிக்கலாம்; கால்களைச் சோதிக்கலாம்; நம்பிக்கையைச் சோதிக்கலாகாது. புதிர் கடினமாக இருப்பது குற்றமன்று, பொய்யாக இருப்பதே குற்றம்.

வருகிற குழந்தைகள் தினத்தன்று அதே தங்கைகளுக்கு மீண்டும் ஒரு புதையல் மறைக்க எண்ணியிருக்கிறோம். இம்முறை கெபியின் படிகளை எண்ணப்போவது நாங்கள் அல்ல. எங்களை அன்று கேள்வி கேட்ட அந்தச் சிறுமியையே எண்ணச் சொல்லப் போகிறோம்.