கொல்லையில் ஏர் ரைஃபிள் பயிற்சியா? முதலில் மண்மேடு!

ஏர் ரைஃபிள் சுடும் விளையாட்டு இப்போது கிராமத்துப் பிள்ளைகளையும் ஈர்க்கிறது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஒலிம்பிக் வரை சென்றார். 2008-இல் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ராவுக்கு வீட்டிலேயே பயிற்சிக் கூடம் இருந்தது. நம் கொல்லையிலும் 10 மீட்டர், அதாவது 33 அடி நீளம் கிடைக்கும். ஆனால் இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதே முதல் கேள்வி.

சுவர் ஏன் கூடாது?

செங்கல், கருங்கல், காய்ந்த மரம் போன்ற கடினமான பொருளில் பட்ட ஈய ரவை திரும்பித் தெறிக்கும், கண்ணைப் பறித்துவிடும். வெறும் வேலியை நம்பினால், குறி தவறிய ரவை பல நூறு அடி தாண்டிப் போகும். ரவையை விழுங்குவது கல் இல்லாத மண்ணே.

மேடு அமைக்கும் முறை

பாதை, கிணறு, மாட்டுக்கொட்டகை இல்லாத பக்கமாக இலக்கை வையுங்கள். வடக்கு நோக்கிச் சுட்டால் வெயில் கண்ணில் அடிக்காது.

சலித்த மணல் அல்லது செம்மண்ணை முக்கால் சாக்கு நிரப்பி, வாயை மடித்து அடியில் போட்டு, செங்கல் கட்டுவதுபோல் இணைப்பு மாற்றி அடுக்குங்கள். அகலம் 8 அடி, உயரம் 8 அடி. அடியில் 4 அடி கனம், உச்சியில் 2 அடி. சரியாதபடி பின்பக்கம் சற்றே சாய்வாக ஏற்றுங்கள். பிளாஸ்டிக் சாக்கு வெயிலில் நைந்துவிடும். மழையில் மண் கரையும். எனவே மேலே தகரக் கூரை அவசியம்.

மேட்டின் முன் ஒரு பெட்டி வையுங்கள். உள்ளே 3 மி.மீ. இரும்புத் தகட்டை 45 டிகிரி சாய்வில், மேல்முனை சுடுபவர் பக்கம் வருமாறு பொருத்துங்கள். ரவை தகட்டில் பட்டுக் கீழே உள்ள தட்டில் விழும். இலக்குக் காகிதம் பெட்டியின் வாயில். குறி தவறியதை மேடு பிடிக்கும்.

ஈயத்தை மறக்காதீர்கள்

ஒரு ரவை சுமார் அரை கிராம். நாளொன்றுக்கு 60 ரவை சுட்டால் மாதத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ ஈயம் சேரும். கோழி, செரிமானத்துக்காகச் சிறு கற்களைக் கொத்துவதுபோல் ரவையையும் விழுங்கும். அது அரைவைப் பையில் தேய்ந்து இரத்தத்தில் கலக்கும். இறகு தொங்குதல், பச்சைக் கழிச்சல், தளர்ச்சி தெரிந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மாடும் ஈயத்தை நக்கினால் ஆபத்தே.

ஆகவே இடத்தைச் சுற்றி வேலி போடுங்கள். தட்டை அன்றன்றே காலி செய்யுங்கள். ஆண்டுக்கொரு முறை மேட்டின் முன்பக்க மண்ணைச் சலித்தெடுங்கள். அங்கே கீரை பயிரிட வேண்டாம். ஈயத்தை வீட்டில் உருக்காமல் பழைய இரும்புக் கடையில் கொடுங்கள். பயிற்சி முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே சாப்பாடு.

சட்டமும் கட்டுப்பாடும்

இந்த மேடு 4.5 மி.மீ. ஏர் ரைஃபிளுக்கு மட்டுமே. வெடிமருந்துத் துப்பாக்கிக்கு அல்ல. வாங்குமுன் உள்ளூர்க் காவல் நிலையத்தில் விதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். பயிரைத் தின்னும் மயிலைச் சுட்டால் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

சுடும்போது சிவப்புக் கொடி கட்டுங்கள். பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். எல்லோரும் கண்ணாடி அணிய வேண்டும். கொல்லையில் இந்த மேட்டுக்கு இடம் இல்லையென்றால், பிள்ளையைப் பயிற்சி மையத்துக்கு அனுப்புவதே நல்லது.