விரலில் ‘சுருக்’: கட்டிலருகேயுள்ள கருவி தாங்குமா?

குளிரூட்டப்பட்ட அறையில் போர்வையை மடித்துவிட்டு, மருந்து செலுத்தும் பம்பைத் தொட்டதும் விரல் நுனியில் ‘சுருக்’ என்கிறது. “இதனால் பம்புக்கு ஏதேனும் ஆகிவிடுமா, மருந்தின் அளவு மாறிவிடுமா?” என்று நோயாளியுடன் இருப்போர் எங்களிடம் வினவுவதுண்டு. நியாயமான ஐயமே.

உலர்ந்த காற்றில் பாலியெஸ்டர் துணியும் கம்பளியும் உரசும்போது உடலில் நிலைமின்சாரம் சேர்கிறது. உலோகத்தை நெருங்கியதும் அது பாய்ந்து இறங்கிவிடுகிறது. ஏறத்தாழ 3,000 வோல்ட்டுக்குக் குறைந்த பாய்ச்சலை நம் விரல் உணர்வதே இல்லை. நீங்கள் உணர்ந்தது அதனினும் மிகுதி. எண்ணைக் கண்டு அஞ்ச வேண்டா. பாயும் நேரம் நொடியின் கோடியில் ஒரு பங்களவே. ஆற்றலும் மிகச் சிறிது. மின்னணுச் சில்லுகளோ அத்தனை பொறுமை உடையவை அல்ல. அவற்றுள் சில, சில நூறு வோல்ட்டிலேயே பழுதாகிவிடும்.

ஆகவே மருத்துவக் கருவிகளை விற்பனைக்கு முன்பே இதற்கெனச் சோதிக்கிறார்கள். துப்பாக்கி வடிவச் சாதனம் ஒன்றில் 150 பைக்கோஃபாரட் மின்தேக்கியும் 330 ஓம் மின்தடையும் இருக்கும். கையில் உலோகப் பொருளைப் பிடித்துள்ள ஒரு மனிதரின் உடலுக்கு ஈடாக வைத்த அளவுகள் இவை. கருவியின் உலோகப் பகுதியில் முனையை வைத்து 8,000 வோல்ட். விசைப்பலகை, திரையின் விளிம்பு, பிளாஸ்டிக் இடுக்கு ஆகியவற்றில் காற்றின் வழியே 15,000 வோல்ட் வரை. நேர்மின், எதிர்மின் இரண்டிலும் பன்முறை செலுத்துவர். கருவியைத் தொடாமல் அருகிலுள்ள உலோகத் தகட்டிலும் பாய்ச்சுவதுண்டு. பக்கத்துக் கட்டிலில் எழும் பொறியின் அலையும் கருவியைக் குழப்பக்கூடும் அல்லவா? 2014ஆம் ஆண்டு வெளிவந்த பன்னாட்டுத் தரப் பதிப்புக்கு முன்னர் இவ்வளவுகள் 6,000, 8,000 வோல்ட்டாகவே இருந்தன.

எங்களுக்கு வோல்ட்டைவிட முக்கியமானது தேர்ச்சிக்கான வரையறை. எது நேர்ந்தால் தோல்வி என்பதைச் சோதனைக்கு முன்பே உற்பத்தியாளர் எழுதிவைக்க வேண்டும். திரை ஒருகணம் மினுங்குவதைப் பொறுத்துக்கொள்ளலாம். பம்பின் வேகம் தானே மாறுவதையோ, எச்சரிக்கை ஒலியின்றி அது நின்றுவிடுவதையோ பொறுக்க இயலாது.

சோதனைக்கும் எல்லை உண்டு. இணைப்பிகளின் உட்புறமுள்ள சில ஊசிமுனைகள் இதிலிருந்து விலக்கப்பட்டவை. அவற்றுள் சிலவற்றை முக்கோணத்துள் கையின் உருவமும் குறுக்குக் கோடும் கொண்ட குறியால் அறியலாம். மானிட்டரின் கம்பி கழன்றுவிட்டால் நீங்களே செருக முயலாமல் செவிலியரை அழையுங்கள். கருவியைத் தொடுமுன் கட்டிலின் உலோகச் சட்டத்தை உள்ளங்கையால் ஒருமுறை தொடுவது நல்ல பழக்கம். சேர்ந்த மின்சாரம் அங்கேயே இறங்கிவிடும். வீட்டில் கருவி வைத்திருப்போர் நோயாளிக்குப் பருத்திப் போர்வையே தரலாம். ‘சுருக்’கென்ற பின் திரையில் எண்கள் மாறினாலோ, கருவி தானே அணைந்து எழுந்தாலோ, அது சரியாகிவிட்டது போலத் தோன்றினும் எங்களிடம் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் பிரித்தறிய வேண்டும். நிலைமின்சாரம் ஒருமுறை சுருக்கென்று தைத்து ஓய்ந்துவிடும். உடனே மீண்டும் தொட்டால் ஒன்றும் இராது. கருவியின் மேற்பகுதியில் கை வைத்திருக்கும் வரை விறுவிறுப்பு நீடிக்கிறதென்றால் அது மின்கசிவாக இருக்கலாம். கையை எடுத்துவிட்டு, நோயாளியையும் கருவியையும் தொடாமல், அக்கணமே செவிலியரை அழையுங்கள்.