கல்லூரி மாறல... பல்கலைக்கழகம் மாறிடுச்சு! கடலூர் மாணவர்களின் கால்பந்து, கூடைப்பந்து வாய்ப்பு என்ன ஆகும்?

பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் இருக்கிறது சி.முட்லூர் அரசு கலைக் கல்லூரி. 2019-ல் இங்கே படித்த ஒரு மாணவர் கூடைப்பந்தில் பல்கலைக்கழக ஜெர்சி போட ஆசைப்பட்டால், வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழக அணியில்தான் இடம் பிடிக்க வேண்டும். இன்று அதே வகுப்பில் உட்காரும் மாணவர் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக அணிக்குத்தான் போட்டியிட முடியும்.

இதில் என்ன பெரிய வித்தியாசம்னு கேக்குறீங்களா? ஒரு அரசு வேலைக்கான தகுதியே இதில் அடங்கியிருக்கிறது. விரிவாகப் பார்க்கலாம்.

2021-ல் என்ன நடந்தது?

கடலூர் மாவட்டக் கலைக் கல்லூரிகள் முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. அதிலிருந்து பிரிந்து 2002-ல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் உருவானபோது வேலூருக்கு மாறின.

2021 பிப்ரவரியில், விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு டாக்டர் ஜெ. ஜெயலலிதா பல்கலைக்கழகம் அமைக்க சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் மாவட்டக் கல்லூரிகள் அதன் கீழ் வரும் என்றார்கள். மே மாதம் ஆட்சி மாறியது. ஆகஸ்ட் 31 அன்று, அந்தப் பல்கலைக்கழகத்தை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கும் மசோதா நிறைவேறியது. எதிர்ப்புத் தெரிவித்து அதிமுக வெளிநடப்பு செய்தது.

1929-ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அதுவரை வெளிக் கல்லூரிகளை இணைத்துக்கொள்ளாத பல்கலைக்கழகமாக இருந்தது. இப்போது வெளிக் கல்லூரிகளையும் இணைத்துக்கொள்ளும் பல்கலைக்கழகம் ஆகிவிட்டது.

விளையாட்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

இந்தியாவில் கல்லூரி விளையாட்டு படிப்படியாக மேலே போகும். முதலில் ஒரே பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரிகள் மோதும். அதில் நன்றாக ஆடுபவர்களைப் பொறுக்கி பல்கலைக்கழக அணி அமைப்பார்கள். அந்த அணி, இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் தென்மண்டலப் போட்டிக்குப் போகும். கால்பந்து, கூடைப்பந்து இரண்டிலும் மண்டலத்தில் முதல் 4 இடம் பிடிப்பவர்களுக்கே அகில இந்தியப் போட்டி. அதற்கும் மேலே 2020-ல் புவனேஸ்வரில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகள்.

ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஒரு விளையாட்டில் ஆண்கள் அணி ஒன்று, பெண்கள் அணி ஒன்று. அவ்வளவுதான். கூடைப்பந்து அணியில் 12 பேர். இரண்டு பல்கலைக்கழகம் என்றால் 24 பேர். மூன்றாவதாக விழுப்புரம் பல்கலைக்கழகம் நிலைத்திருந்தால் 36 பேர். ஆக, பல்கலைக்கழகம் கூடினால் ஜெர்சியும் கூடும். குறைந்தால் ஜெர்சியும் குறையும்.

மாணவர்களுக்கு லாபமா, நஷ்டமா?

இரண்டும் உண்டு. முன்பு அணித் தேர்வுக்கு சிதம்பரம் பக்கத்திலிருந்து வேலூர் சேர்க்காடு போக சுமார் 200 கி.மீ. பயணம். பஸ்ஸில் ஒரு நாள் போய்விடும். மகளைத் தனியாக அனுப்பத் தயங்கும் வீடுகளில் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். இப்போது பல்கலைக்கழகம் பக்கத்து ஊரிலேயே.

மறுபக்கம், அண்ணாமலை வளாக மாணவர்கள் தனி அணியாக ஆடிவந்தவர்கள். கடலூர் பெரியார் கலைக் கல்லூரி மாணவரும், விருத்தாசலம் கொளஞ்சியப்பர் கல்லூரி மாணவரும், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாணவர்களும் இனி அவர்களோடு சேர்ந்து அதே 12 இடத்துக்குத்தான் மோத வேண்டும். அணி பலமாகும். ஆனால் நுழைவது கஷ்டமாகும்.

அந்த ஜெர்சிக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டு விதிப்படி, அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் தன் பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர் விண்ணப்பிக்கத் தகுதி பெறுகிறார். அதற்கான சான்று 'படிவம் 3'. பல்கலைக்கழக விளையாட்டுப் பொறுப்பிலுள்ள டீன் அல்லது இயக்குநர் கையெழுத்து போடணும். கால்பந்து, கூடைப்பந்து இரண்டுமே பட்டியலில் இருக்கின்றன. துறைக்குத் துறை கூடுதல் நிபந்தனைகள் உண்டு. தமிழக அரசுப் பணிகளில் 3% விளையாட்டு ஒதுக்கீட்டுக்கும் தனி விதிகள்.

இந்திய மகளிர் கால்பந்து அணிக்கு ஆடிய கடலூர் இந்துமதி கதிரேசன், தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். பந்து ஒரு வீட்டை எங்கே கொண்டுபோகும் என்பது இந்த மாவட்டத்துக்குத் தெரியாத விஷயம் இல்லை.

அமெரிக்காவிலும் இதே கதையா?

அங்கேயும் அணிகள் இடம் மாறுகின்றன. ஆனால் மாற்றுவது சட்டமன்றம் இல்லை, டிவி பணம். பல்கலைக்கழகங்கள் 'கான்ஃபரன்ஸ்' என்ற குழுக்களாகச் சேர்ந்து ஆடும். அமெரிக்க ஃபுட்பாலின் ஒளிபரப்பு உரிமையில்தான் பெரும் பணம். அது நம்ம கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்து ஓடும் ஆட்டம்.

அந்தப் பணத்துக்காக லாஸ் ஏஞ்சலிஸின் யுசிஎல்ஏ, யுஎஸ்சி இரண்டும் 2024-ல் 'பிக் டென்' குழுவுக்குத் தாவின. விளைவு? கூடைப்பந்து, வாலிபால் மாணவர்களும் சுமார் 4,000 கி.மீ. தள்ளியிருக்கும் நியூஜெர்ஸி வரை போய் ஆடணும். முடிவெடுத்தது ஒரு ஆட்டத்துக்காக, அலைச்சல் எல்லா ஆட்டத்துக்கும்.

கனெக்டிகட் பல்கலைக்கழகம் எதிர்த் திசையில் போனது. 2020-ல் கூடைப்பந்துக்குப் பேர்போன 'பிக் ஈஸ்ட்' குழுவுக்கே திரும்பியது. அதனால் அதன் ஃபுட்பால் அணி எந்தக் குழுவிலும் இல்லாமல் தனியாக நின்றது. ஆனால் ஆண்கள் கூடைப்பந்தில் 2023, 2024 என அடுத்தடுத்து தேசிய சாம்பியன்!

நம்ம ஊரில் இரண்டு ஆட்டத்தையும் எப்படிச் சமாளிப்பது?

இங்கே கால்பந்தும் டிவி பணம் கொண்டுவருவதில்லை, கூடைப்பந்தும் கொண்டுவருவதில்லை. பெரும்பாலான கல்லூரிகளில் எல்லா ஆட்டத்துக்கும் ஒரே உடற்கல்வி இயக்குநர், ஒரே நிதி. கால்பந்துக்குப் பெரிய மைதானம் வேணும், களத்தில் 11 பேர், மாற்று வீரர்கள் தனி. கூடைப்பந்துக்கு ஒரு கோர்ட், களத்தில் 5 பேர். கூடைப்பந்து அணியை அனுப்பப் பயணப்படி குறைவாகவே ஆகும். ஆனால் ஊர்ப் பிள்ளைகள் அதிகம் ஆடுவது கால்பந்தாக இருந்தால், சிக்கனம் பார்ப்பது அவர்கள் வாய்ப்பைத்தான் குறைக்கும். அதனால் கணக்குப் பார்க்கும்போது செலவோடு சேர்த்து, எத்தனை பேருக்கு ஜெர்சி கிடைக்கிறது என்பதையும் பார்க்கணும்.

மாணவர்கள் கவனிக்க வேண்டியவை

* பொதுவாக 17 முதல் 25 வயது வரைதான் ஆட முடியும். ஒரு வருஷம் தவறினால் திரும்பக் கிடைக்காது.
* கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி, அணித் தேர்வுத் தேதிகளை உடற்கல்வி இயக்குநரிடம் ஆண்டு தொடக்கத்திலேயே கேட்டு வைங்க.
* முன்பு திருவள்ளுவர் அணிக்கு ஆடியவர்கள் அதற்கான சான்றை வேலூரில்தான் வாங்க வேண்டும். எந்தப் பல்கலைக்கழகத்துக்காக ஆடினீர்களோ, கையெழுத்தும் அங்கிருந்துதான் வரும்.