புகைக்குழாய்க்கும் அளவுண்டு

மகிழுந்தின் ஆற்றலைப் பற்றிப் பேசுவோர், எஞ்சினுக்குள் செல்லும் எரிபொருளையும் காற்றையும் பற்றியே பெரிதும் பேசுவர். உள்ளே எரிந்தது உரிய நேரத்தில் வெளியேறாவிடில், அடுத்து வரும் புதுக் காற்றுக்கு இடமிராது என்பதை மறந்துவிடுகிறோம். அவ்வெளியேற்றத்திற்கு வழியமைப்பதே புகைக்குழாய். துருப்பிடித்த குழாயை மாற்ற நேரும்போது, "குழாய் பெரிதானால் வண்டி பாயும்" என்பார் சிலர். "எஞ்சினுக்குப் பின்னழுத்தம் வேண்டும், சிறிய குழாயே நன்று" என்பார் வேறு சிலர். இரு கூற்றிலும் பாதி உண்மையே உண்டு.

உறிஞ்சல், அமுக்கம், ஆற்றல், வெளியேற்றம் என நான்கு வீச்சுகளால் எஞ்சின் இயங்குகிறது. வெளியேற்று வால்வு திறந்ததும் சூடான வாயு ஆற்றொழுக்காக வருவதில்லை. நாடித்துடிப்பைப் போல விட்டுவிட்டு வருகிறது. விரைந்து செல்லும் ஒவ்வொரு துடிப்பும் தனக்குப் பின்னே அழுத்தக் குறைவை உண்டாக்குகிறது. வெளியேற்றம் முடியும் தறுவாயில் இருவகை வால்வுகளும் சிறிது நேரம் சேர்ந்தே திறந்திருக்கும். அப்போது அவ்வழுத்தக் குறைவு, எஞ்சிய புகையை வெளியே இழுப்பதோடு, புதுக் காற்று உள்ளே நுழையவும் துணை செய்கிறது.

குழாய் மிகக் குறுகினால், புகையைத் தள்ளுவதிலேயே பிஸ்டன் தன் ஆற்றலை இழக்கும். மிக அகன்றால் வாயுவின் வேகம் தளரும். குறைந்த சுழற்சியில் வண்டியின் இழுவை குன்றும். எனவே எஞ்சின் விரும்புவது வாயுவின் வேகத்தையே. பின்னழுத்தம் எந்நிலையிலும் இழப்புதான்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். 2014ஆம் ஆண்டில் உற்பத்தி நின்ற மாருதி 800 வண்டியின் எஞ்சின் 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உடையது. இரு சுற்றுக்கு ஒருமுறையே அது முழுக் கொள்ளளவுக் காற்றை உறிஞ்சும். நிமிடத்திற்கு 5000 சுற்றில், நொடிக்கு 33 லிட்டர் காற்று செல்ல வேண்டும். சிலிண்டர் 85 விழுக்காடே நிரம்புவதாகக் கொண்டால் அது 28 லிட்டராகும். 30 பாகை வெப்பத்தில் புகுந்த காற்று 600 பாகையில் வெளியேறினால், ஏறத்தாழ மும்மடங்காக விரிந்து நொடிக்கு 80 லிட்டராகிறது. குழாயின் உள்விட்டம் 32 மில்லிமீட்டராயின் அவ்வாயு நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் ஓடும். 38 ஆயின் 70 மீட்டர். 50 ஆயின் 41 மீட்டரே. நகரத் தெருக்களில் 2000 சுற்றில் செல்லும்போது இவ்வேகங்கள் இன்னும் பாதிக்கும் கீழே போய்விடும்.

உராய்வால் வரும் அழுத்த இழப்போ, குழாய் விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு எதிராக மாறும். 38 மில்லிமீட்டரை 32 ஆகக் குறைத்தால் இழப்பு இருமடங்குக்கு மேலாகும். ஏற்கெனவே போதிய அகலமுள்ள குழாயை மேலும் அகலமாக்கினால், இழப்பே சிறிதாகிவிட்டபடியால் ஆதாயமும் சிறிதே.

குழாய் வாங்குவோர் கருதவேண்டியவை சில உண்டு. கடையில் சொல்லப்படுவது வெளிவிட்டமாயின், சுவரின் தடிப்பை இருபுறமும் கழித்து உள்விட்டத்தை அறிய வேண்டும். வளைவில் நசுங்கிய குழாய், அந்நசுங்கிய இடத்தின் அளவாகவே பயன்படும். வாயு செல்லச் செல்லக் குளிர்ந்து சுருங்குவதால், பின்பகுதிக் குழாய் முன்பகுதியினும் அகலமாயிருக்கத் தேவையில்லை. வேகத்தால் வரும் நன்மை சிலிண்டரை ஒட்டிய குழாய்களிலேயே மிகுதி. சைலன்சருக்குப் பின்னுள்ள நுனியை மட்டும் அகலப்படுத்துவோர் பெறுவது பெரும்பாலும் தோற்றமும் ஒலியுமே.

அவ்வொலி பிறருக்குத் துன்பமாகும். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் சைலன்சரைக் கட்டாயமாக்கியுள்ளன. 1995இல் நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் மகிழுந்துகளுக்கு வினையூக்கி மாற்றியும் கட்டாயமாயிற்று. கார்பன் மோனாக்சைடு முதலிய நச்சு வாயுக்களைக் குறைக்கும் அதனைத் தடையெனக் கருதி அகற்றுவது, நம் வண்டியின் நஞ்சை அடுத்தவர் மூச்சில் கலப்பதாகும். இணைப்பில் கசிவு இருப்பின் அந்நஞ்சு நம் வண்டிக்குள்ளேயே புகவும் கூடும்.

விரலுக்குத் தக்க வீக்கம் என்பது நம் முதுமொழி. எஞ்சினின் கொள்ளளவையும், வழக்கமாக ஓடும் சுழற்சியையும் கணக்கிட்டுக் குழாயைத் தேர்வோர்க்குப் பொருளும் மிஞ்சும், இழுவையும் குன்றாது, தெருவிலுள்ளோர்க்கும் அமைதி நிலைக்கும்.