திருத்தமும் திரிபும்: பழைய புகைப்படங்களைக் கணிப்பொறியில் செப்பனிடும் கலை

நூற்றாண்டு மலர் ஒன்றை வெளியிட முனையும் பள்ளியாயினும் சபையாயினும் சங்கமாயினும், முதலில் தேடுவது பழைய புகைப்படங்களையே. பெட்டிகளின் அடியிலிருந்தும் சுவர்ச் சட்டங்களிலிருந்தும் எடுக்கப்படும் அப்படங்கள் பெரும்பாலும் மங்கியும், மஞ்சள் பூத்தும், மடிப்புகளில் வெடித்தும், பூச்சிகளால் அரிக்கப்பட்டும் இருக்கின்றன. முன்னாளில் இத்தகைய படத்தை ஸ்டுடியோவில் ஒப்படைத்தால், கைதேர்ந்த ஒருவர் தூரிகையாலும் பென்சிலாலும் 'டச்சிங்' செய்து கொடுப்பார். இன்று அப்பணியைக் கணிப்பொறியின் துணையுடன் எவரும் கற்றுச் செய்ய இயலும். 1990இல் வெளிவந்த ஃபோட்டோஷாப் இத்துறையில் பெரும் செல்வாக்குப் பெற்ற மென்பொருள். விலையின்றிக் கிடைக்கும் கிம்ப் 1996 முதல் பயன்பாட்டில் உள்ளது.

கருவி எளிதாகிவிட்டபடியால், முன்பு ஸ்டுடியோக்காரரின் கையில் இருந்த பொறுப்பு இப்போது நம் கைக்கு வந்துள்ளது. செப்பனிடப்பட்ட படம் பழைய படம் கூறியதையே கூறுகிறதா? அன்றி நாம் கூற விரும்பியதைக் கூறுகிறதா? இக்கலையின் அடிப்படை முறைகளை விளக்குவதும், அவற்றுள் எது எந்த அளவில் திருத்தம், எவ்விடத்தில் திரிபாகிறது என்பதைக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கம்.

1. படம் எண்களாகும் விதம்

கணிப்பொறி அறிவது எண்களை மட்டுமே. 1957ஆம் ஆண்டு அமெரிக்காவின் தேசியத் தரநிர்ணய நிறுவனத்தில் பணியாற்றிய ரஸ்ஸல் கிர்ஷ் என்பாரும் அவருடைய குழுவினரும் புகைப்படம் ஒன்றைக் கணிப்பொறிக்குள் செலுத்திக் காட்டினர். அது கிர்ஷ் அவர்களுடைய மூன்று மாதக் குழந்தையின் படம். அதனைக் குறுக்கில் 176, நெடுக்கில் 176 என 30,976 புள்ளிகளாகப் பகுத்து, ஒவ்வொரு புள்ளியும் கறுப்பா வெள்ளையா என்று மட்டும் குறித்தனர். இன்றைய முறையும் அடிப்படையில் அதுவே. பிக்சல் எனப்படும் ஒவ்வொரு படப்புள்ளிக்கும் இப்போது 0 முதல் 255 வரை ஓர் எண் வழங்கப்படுகிறது. 0 என்பது முழு இருள். 255 என்பது முழு வெண்மை. வண்ணப்படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் உண்டு. இவற்றின் சேர்க்கையால் 1,67,77,216 வண்ணங்களைக் குறிக்கலாம்.

எனவே முதற்பணி ஸ்கேனர் வழியாகப் படத்தை எண்களாக்குவதாகும். அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்ற அளவில் 4 × 6 அங்குலப் படம் 21,60,000 புள்ளிகளைத் தரும். 600 புள்ளிகள் என்ற அளவில் 86,40,000 புள்ளிகளைத் தரும். பிற்பாடு பெரிதாக்க வேண்டியிருக்குமாதலால் இரண்டாவதே ஏற்றது. கறுப்பு வெள்ளைப் படத்தையும் வண்ண முறையிலேயே ஸ்கேன் செய்வது நன்று. இதன் பயனைப் பின்னர்க் காண்போம். கிடைத்த எண்களை டிஃப் என்னும் கோப்பு வகையில் சேமிக்க வேண்டும். ஜேபெக் வகை, படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுட்பங்களைக் கழித்துவிடுகிறது. திருத்தித் திருத்தி அவ்வகையிலேயே மீண்டும் மீண்டும் சேமித்தால் இழப்பு பெருகும். அனுப்புவதற்கு ஜேபெக் போதும். காப்பதற்கு டிஃப் வேண்டும்.

இனிச் செய்யப்படும் திருத்தம் எதுவாயினும், அது எண்களை மாற்றுவதே. ஆகவே எந்தத் திருத்தத்தைப் பற்றியும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இப்புள்ளியின் புதிய எண் எங்கிருந்து பெறப்பட்டது? இதற்கு மூன்று விடைகள் உள. அப்புள்ளியிலிருந்தே பெறப்பட்டிருக்கலாம், அண்டைப் புள்ளிகளிலிருந்து பெறப்பட்டிருக்கலாம், முற்றிலும் வேறிடத்திலிருந்து பெறப்பட்டிருக்கலாம். இம்மூன்றையும் முறையே ஆராய்வோம்.

2. அப்புள்ளியிலிருந்தே பெறுவது

மங்கிய படத்தில் கருமையும் வெண்மையும் தம் எல்லைகளை இழந்து, எல்லாம் நடுச்சாம்பலாக நிற்கின்றன. ஹிஸ்டோகிராம் என்னும் வரைபடம் இதனைத் தெளிவாகக் காட்டும். எந்த எண்ணில் எத்தனை புள்ளிகள் உள்ளன என்பதை அது மலைபோன்ற வடிவில் வரைந்து தருகிறது. மங்கிய படத்தில் அம்மலை 70க்கும் 190க்கும் இடையில் மட்டும் ஒடுங்கி நிற்பதாகக் கொள்வோம். லெவல்ஸ் என்னும் கருவி 70ஐ 0 ஆகவும், 190ஐ 255 ஆகவும் ஆக்கி, இடைப்பட்ட எண்களை அதே விகிதத்தில் பரப்புகிறது. 100 என்றிருந்த புள்ளி 64 ஆகும். 130 என்றிருந்தது 128 ஆகும். சாம்பலில் மூழ்கியிருந்த முகம் மேலெழுந்து வரும். புதிதாக ஒன்றும் சேர்க்கப்படவில்லை. தாளில் ஏற்கெனவே இருந்த வேறுபாடு கண்ணுக்கு எட்டும்படி விரிக்கப்பட்டது, அவ்வளவே.

வண்ண முறையில் ஸ்கேன் செய்ததன் பயன் இங்கே விளங்கும். மஞ்சட்கறை நீல ஒளியை உட்கொள்வதால், நீல எண்களில் அது கருந்திட்டாகத் தோன்றும். சிவப்பு எண்களிலோ ஏறக்குறைய மறைந்துபோகும். ஆகவே கறைபடிந்த கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பு எண்களை மட்டும் எடுத்துக்கொண்டால், தூரிகை தொடாமலே கறையின் பெரும்பகுதி நீங்கிவிடும்.

ஆயினும் இம்முறையிலும் எச்சரிக்கை வேண்டும். 70க்குப் பதிலாக 90ஐ 0 ஆக்கினால், 70 முதல் 90 வரை இருந்த எல்லாப் புள்ளிகளும் ஒரே இருளாகிவிடும். கறுப்புக் கோட்டின் மடிப்பும் கூந்தலின் இழையும் அவ்விருளில் அழிந்துபோகும். இதனினும் பெரிய இடர் வேறொன்றுண்டு. கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஓ. ஜே. சிம்ப்சன் என்னும் கறுப்பின விளையாட்டு வீரரின் காவல்துறைப் படத்தை, 1994 ஜூன் 27 தேதியிட்ட டைம் இதழ் மேலும் இருளாக்கி அட்டையில் வெளியிட்டது. அதே படத்தை நியூஸ்வீக் இதழ் மாற்றமின்றி வெளியிட்டமையால் வேறுபாடு வெளிப்பட்டு, பெருங்கண்டனம் எழுந்தது. நம்மிடையே இதன் மறுபக்கத்தைக் காண்கிறோம். முகங்களை வெளுப்பாக்கித் தருவதே நல்ல வேலை என்று ஆல்பம் செய்வோரும் செய்விப்போரும் எண்ணுகின்றனர். அவ்வழக்கத்தைப் பழைய படத்தின்மேலும் செலுத்தினால், நம் முன்னோரின் நிறத்தையே நாம் மறுத்தவர்களாவோம்.

அறிவியல் இதழ்கள் இதற்குத் தக்கதொரு விதியைக் கண்டுள்ளன. 2002 முதல், 'ஜர்னல் ஆஃப் செல் பயாலஜி' தான் ஏற்கும் கட்டுரைகளின் படங்களைச் சோதித்து வருகிறது. ஒளியின் அளவைப் படம் முழுவதற்கும் ஒருசேர மாற்றலாம். படத்தின் ஒரு கூற்றை மட்டும் மிகுவிப்பதோ, மறைப்பதோ, நகர்த்துவதோ, நீக்குவதோ, புகுத்துவதோ கூடாது என்பது அதன் நெறி.

3. அண்டைப் புள்ளிகளிலிருந்து பெறுவது

தூசும் கீறலும் கிழிசலும் உள்ள இடத்தில் அப்புள்ளியின் பழைய எண் அழிந்துபோயிற்று. எனவே அண்டையை நாட வேண்டியுள்ளது. சிறு தூசுக்கு ஏற்றது மீடியன் என்னும் இடைநிலை முறை. ஒரு புள்ளியையும் சுற்றியுள்ள எட்டையும் எடுத்துக்கொள்வோம். அவை 118, 120, 121, 119, 250, 122, 120, 117, 121 என இருக்கட்டும். நடுவிலுள்ள 250 என்பது வெண்தூசு. சராசரி கண்டால் 134 வரும். தூசின் தாக்கம் அதில் தங்கிவிடும். மாறாக, ஒன்பது எண்களையும் ஏறுவரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால் 120 கிடைக்கும். தூசு முற்றிலும் விலகும். ஆனால் இம்முறை தூசையும் கண்ணிமையின் மயிரையும் பகுத்தறியாது. சேலைக் கரையின் நுண்கோடுகளையும் துடைத்துவிடும். ஆகையால் படம் முழுவதிலும் பாய்ச்சாமல், தூசுள்ள இடத்தில் மட்டும் பயன்படுத்த வேண்டும்.

கீறலுக்கும் மடிப்புக்கும் இரு கருவிகள் உள. குளோன் என்பது ஓரிடத்தின் புள்ளிகளை அப்படியே பெயர்த்து மற்றோரிடத்தில் பதிக்கிறது. ஹீலிங் என்பது இழையமைப்பை மூல இடத்திலிருந்தும், நிறத்தையும் ஒளியையும் பதியும் இடத்தின் சுற்றுப்புறத்திலிருந்தும் எடுத்து இணைக்கிறது. இது 2002இல் வெளிவந்த ஃபோட்டோஷாப் ஏழாம் பதிப்பில் அறிமுகமாயிற்று. வெற்றுச் சுவர், வானம், தரை ஆகியவற்றில் இவை நம்பத்தக்கவை. சுவரின் ஒரு பகுதி மற்றொரு பகுதியைப் போன்றதே. முகத்தில் அவ்வாறு கொள்வதற்கில்லை. இடக்கண் கிழிந்திருந்தால் வலக்கண்ணைப் புரட்டி ஒட்டுவோர் உளர். எவருடைய இரு கண்களும் முற்றிலும் ஒத்திருப்பதில்லை. மாறுகண்ணோ சுருங்கிய இமையோ அவருடைய அடையாளமாகவே இருந்திருக்கலாம்.

இக்கருவிகளால் திரிபு செய்தோர் பலமுறை பிடிபட்டுள்ளனர். 2006 ஆகஸ்டில் பெய்ரூட் நகரின்மேல் எழுந்த புகையைக் குளோன் கருவியால் பெருக்கிய படம் ஒன்றை ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் வெளியிட்டது. ஒரே புகைச்சுருள் மீண்டும் மீண்டும் தோன்றியதை வாசகர் கண்டுபிடித்தனர். அப்புகைப்படக்காரர் எடுத்த 920 படங்களையும் நிறுவனம் விற்பனையினின்று விலக்கிவிட்டது. ஒரு படத்தின் பொய் அவருடைய மெய்ப்படங்களின் நம்பகத்தையும் அழித்தது.

4. வேறிடத்திலிருந்து பெறுவது

மூன்றாம் வகையில் புதிய எண்கள் அப்படத்திலேயே இல்லாதவை. இதுவும் கணிப்பொறிக்கு முற்பட்ட வழக்கமே. குழுப்படத்திலிருந்து இறந்தவரின் தலையை மட்டும் பெயர்த்து, கோட்டணிந்த உடலொன்றின்மேல் பொருத்தி, மாலையிட்டு மாட்டும் படத்தை நம் இல்லங்களில் காணலாம். ஏமாற்றும் எண்ணம் எவருக்கும் இல்லை. வீட்டார் அனைவரும் உண்மையை அறிவர். ஆனால் அறிந்தோர் மறைந்தபின், பேரப்பிள்ளைகள் தங்கள் பாட்டனார் கோட்டணிந்து வாழ்ந்தவரென்றே நம்புவர். படத்தைப் பார்க்கப் போகிறவர்களுள் உண்மை அறியாதவர்களே நாளடைவில் மிகுதியாவர் என்பதை மறக்கலாகாது.

இன்று இவ்வகையில் முதன்மை பெறுவன செயற்கை நுண்ணறிவால் இயங்கும் இரு செயல்கள். ஒன்று, கறுப்பு வெள்ளைப் படத்திற்கு வண்ணமேற்றல். வண்ணத்தைச் சாம்பலாக்கும் வழக்கமான கணக்கில், சிவப்பெண்ணில் 0.299 பங்கும், பச்சையில் 0.587 பங்கும், நீலத்தில் 0.114 பங்கும் கூட்டப்படும். இதன்படி 200 அளவுள்ள தனிச்சிவப்பும், 102 அளவுள்ள தனிப்பச்சையும் ஒரே 60 என்னும் சாம்பலாகும். அந்த 60ஐ மட்டும் கண்ட ஒருவர், மணமகளின் சேலை சிவப்பா பச்சையா என்று சொல்வது எங்ஙனம்? மேலும், பழைய பிலிம்களிலும் கண்ணாடித் தகடுகளிலும் பல சிவப்பொளியை உணராதவை. அவற்றில் சிவப்பு கறுப்பாகவும், நீலம் வெளிறியும் பதிந்தன. இயந்திரம் இடும் வண்ணம் ஊகமேயன்றி மீட்பு அன்று.

மற்றொன்று, மங்கிய முகத்தைத் தெளிவாக்கல். எண்ணற்ற முகங்களைக் கண்டு பயின்ற இயந்திரம், இவ்வாறு மங்கிய முகம் பெரும்பாலும் எவ்வாறு இருந்திருக்கும் என்று கணித்து, பல்லும் இமையும் தோலும் வரைந்து தருகிறது. பன்னிரண்டு புள்ளிகளில் அடங்கிய கண்ணில், இழந்த நுட்பம் எங்கும் ஒளிந்திருக்கவில்லை. வருவது அழகிய முகந்தான். ஆனால் அது அவருடைய முகமாக இராது.

இதன் விளைவு எத்துணைக் கொடியதாகக் கூடும் என்பதைக் கம்போடியாவில் கண்டோம். 1975 முதல் 1979 வரை நடந்த கெமர் ரூஜ் ஆட்சியில், புனோம் பென் நகரின் டூல் ஸ்லெங் சிறைக்குக் கொண்டுவரப்பட்டோர் வந்தவுடன் படம் பிடிக்கப்பட்டனர். அவர்களுள் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். அப்படங்களுள் சில வண்ணமேற்றப்பட்டு, 2021 ஏப்ரலில் வைஸ் என்னும் இணைய ஏட்டில் வெளிவந்தன. மூலப்படங்களில் புன்னகையற்றிருந்த சில முகங்களில் புன்னகை சேர்க்கப்பட்டிருந்தமை விரைவில் தெரியவந்தது. உறவினரும் கம்போடிய அரசின் பண்பாட்டு அமைச்சும் கண்டிக்கவே, படங்கள் நீக்கப்பட்டன. கொல்லப்பட்டோரின் அச்சத்திற்கு அப்படங்கள் சாட்சி. புன்னகை அச்சாட்சியைப் புரட்டியது.

5. கைக்கொள்ள வேண்டிய நெறிகள்

இதுவரை கண்டவற்றிலிருந்து, பயில்வோர்க்குச் சில நெறிகள் பெறப்படுகின்றன.

(அ) முதலில் ஸ்கேன் செய்த கோப்பில் ஒருபோதும் கைவைக்கலாகாது. அதன் பிரதியிலேயே பணி செய்க. தாளிலுள்ள மூலப்படத்தையும் எறிந்துவிடலாகாது.

(ஆ) லேயர் என்னும் அடுக்கு முறையைப் பயில்க. கண்ணாடித் தாளை மேலே வைத்து வரைவது போன்றது இது. கீழுள்ள படம் மாறுவதில்லை. மங்கல் நீக்கம் ஓர் அடுக்கு, கீறல் நிரப்பல் ஓர் அடுக்கு எனப் பிரித்தால், எதையும் வேண்டும்போது விலக்கிக்கொள்ளலாம்.

(இ) முதல் வகைத் திருத்தத்தால் ஆவதை அதனாலேயே முடிக்க. அது போதாதவிடத்து மட்டும் இரண்டாவதை நாடுக. அதுவும் முகத்தில் மிகச் சிக்கனமாகவே. மூன்றாவதை ஆவணப் படத்தில் தவிர்க்க.

(ஈ) செய்ததை எழுதுக. "மங்கல் நீக்கப்பட்டது, இடப்பக்க மூலையின் கிழிசல் நிரப்பப்பட்டது, முகங்கள் மாற்றப்படவில்லை" என்ற ஒரு வரி படத்தின் கீழ் போதும். வண்ணமேற்றியிருந்தால், வண்ணம் ஊகமே என்று கூறி, மூலப்படத்தையும் அருகில் இடுக.

(உ) நிரப்ப இயலாத இடத்தை வெறுமையாகவே விட்டுவிடத் துணிக. வரிசையில் நிற்கும் ஒருவரின் முகம் அரிக்கப்பட்டிருந்தால், இயந்திரத்திடம் ஒரு முகம் கேட்டு வாங்குவதைவிட, அவர் பெயரை அறிந்த முதியோர் ஒருவரைத் தேடிச்சென்று எழுதி வாங்குவது மேல். அத்தகைய முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். ஆதலால் படத்தைச் செப்பனிடும் பணியை மென்பொருளோடு தொடங்காமல், படத்தின் பின்புறத்தில் பெயர்களைப் பென்சிலால் குறிப்பதோடு தொடங்குவதே முறையாகும்.